தொடாமலே ஒன்றில் நின்ற முள்

என் வலது உள்ளங்கையில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் வேறு நிறத்தில் இருக்கும். ராலின்ஸ் ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து எடுத்து ஒட்டியது. உறைந்த இரும்பைப் பிடித்ததால் வந்த காயம் என்று டாக்டர் எழுதிக்கொண்டார். அது உண்மைதான். ஏன் பிடித்தாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நம்பாதவர்கள் இந்தக் கையைத் தொட்டுப் பார்க்கலாம். கூட்டிப் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. பேசும் பழக்கமே அதிகம் கிடையாது.

என் பெயர் எல்டன். அமெரிக்காவின் வயோமிங்கில் லாரி ஓட்டினேன். என் மனைவி லவோனும் லாரி ஓட்டினாள். நான் முன்னால், அவள் அரை மைல் பின்னால். குளிர்காலத்தில் எங்கள் சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவன் பாதை எப்படி இருக்கிறது என்று, லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோவில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பின்னால் வருகிறவர் கண்ணை நம்பாமல் அந்தச் சொல்லை நம்பி ஓட்ட வேண்டும். சொன்னவன் யார், எவர் என்று யாரும் கேட்பதில்லை. லாரிக்காரர்களுக்கான பத்தொன்பதாம் சேனலில் வந்த சொல் என்றால் அது போதும்.

அந்தச் சேனலில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கும். என்னுடையது 'ஊமை'. வைத்தவள் லவோன்.

1994 ஜனவரி. ஏலத்தில் ஒரு பழைய லாரி எடுத்திருந்தேன். புதிதாக நீலம் பூசியிருந்தார்கள். இன்ஜின் குறையில்லாமல் ஓடியது. ஹீட்டரில்தான் ஒரு கோளாறு. சூடான காற்று இடது காலுக்கு மட்டும் வரும். வலது கால் விறைத்துக் கிடக்கும். வண்டியில் ரேடியோ இல்லை. லாரமிக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் ரேடியோ கடை வைத்திருந்த ஹைரமிடம் போனோம்.

ஹைரமுக்கு மனிதர்களைப் பிடிக்காது. வாடிக்கையாளர்களை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்காது. நாற்பது சேனல் உள்ள ஒரு சாதாரண ரேடியோவை மேசையில் வைத்தார். நாலு வாட். அதற்கு மேல் சட்டத்தில் இடமில்லை.

"வாயே திறக்காத ஆளுக்கு நாலு வாட் அதிகம்" என்றாள் லவோன். ஹைரம் சிரிக்கவில்லை.

ரேடியோ எதுவானாலும் ஒன்றுதான், குரலைக் கொண்டுபோவது ஆன்டெனாதான் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் நாலடி நீளக் கண்ணாடியிழை ஆன்டெனா ஒன்றை எடுத்துக் காட்டினார். புதியது. அது எல்க் மலைக்குப் பின்னால் போனால் செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். என் கண் பின்சுவரில் இருந்தது. அங்கே ஓர் ஆணியில் ஐந்தடி எஃகுக் கம்பி ஆன்டெனா தொங்கியது. அடியில் கையளவு செம்புச் சுருள்.

அது விற்பதற்கு இல்லை என்றார். விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து வந்ததாம். வளைந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

"அப்புறம் என்ன?"

"இழுவை வண்டிக்காரன் கொண்டாந்து போட்டுட்டுப் போனான். காசு வேணாம்னான். இந்த ஊர்ல காசு வேணாம்னு சொன்ன ஆள நான் பாத்ததில்ல."

லவோன் புதியதை வாங்கச் சொன்னாள். நான் ஆணியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பிடிவாதமும் ஒருவகை ஊமைத்தனம்தான்.

நானே பொருத்தினேன். மின்கம்பிகளை நேராக பேட்டரிக்கு இழுத்து நடுவில் ஃபியூஸ் வைத்தேன். கேபிளைக் கதவின் கீல் இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்தேன். ஆன்டெனாவின் தாங்கியை இடது பக்கக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்துத் துளை போடப் போனபோது நீலப் பெயின்ட் உதிர்ந்தது. அடியில் நான்கு பழைய துளைகள். தாங்கியின் நான்கு போல்ட்டும் அவற்றில் வழுக்கிக்கொண்டு இறங்கின.

நேரம் மிச்சம் என்று நினைத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எந்த ஆன்டெனாவும் எந்த வண்டியிலும் அப்படியே ஒத்துப்போகாது. வண்டியின் உடம்புக்குத் தக்கபடி அதன் நீளத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே போகிற அலை திரும்பி வந்து ரேடியோவையே எரித்துவிடும். எவ்வளவு திரும்புகிறது என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. முள் இரண்டுக்குக் கீழே நின்றால் நல்லது. ஒன்றரை என்றால் கெட்டிக்காரன். ஒன்று என்பது புத்தகத்தில் மட்டும் இருப்பது. ஒன்றரைக்குக் கொண்டுவரவே எனக்கு எப்போதும் முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

அன்று எதையும் தொடாமல் மைக்கின் பொத்தானை அமுக்கினேன். முள் ஒன்றில் நின்றது.

முதல் சேனலில் ஒன்று. பத்தொன்பதில் ஒன்று. நாற்பதில் ஒன்று.

ஹைரம் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே போய் வேறு மீட்டர் கொண்டுவந்தார். அதிலும் ஒன்று.

"கழட்டிரு" என்றார்.

நான் கழட்டவில்லை. பொருத்தி முடித்ததும் எல்லோரும் செய்வதைச் செய்தேன். பத்தொன்பதில் என் பட்டப்பெயரைச் சொல்லி, யாருக்காவது கேட்கிறதா என்று கேட்டேன். மணி 2:10.

பதில் உடனே வந்தது. இரைச்சலே இல்லை. பக்கத்து இருக்கையிலிருந்து பேசுவது போல.

"நல்லா கேக்குது, டிரைவரே. வலது கால் இன்னும் விறைக்குதா?"

லவோன் யாரிடமோ சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் தன் வண்டிக்கு அடியில் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹைரம் உள்ளே போனார். கதவின் தாழ்ப்பாள் விழுந்தது.

2:40க்குக் கிளம்பினோம். எனக்கு எண்ணெய்க் கிணற்றுக்கான துளைக்குழாய்ச் சுமை, அவளுக்கு மாட்டுத்தீவனம். வெயில் அடித்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து மூன்று.

3:31. எல்க் மலையின் அடிவாரத்தில் காற்று மாறியது.

வானம் நீலமாகவே இருந்தது. பனி மேலிருந்து விழவில்லை. தரையிலிருந்து எழுந்தது. முதலில் சாலையின் கோடுகள் போயின. பிறகு சாலை. பிறகு என் வண்டியின் மூக்கு.

வேகத்தை முப்பது மைலுக்குக் குறைத்தேன். லவோனிடம் சொன்னேன். சரி, இருபதில் பின்தங்கியே வருகிறேன் என்றாள். அதோடு சரி. எங்களுக்குள் எப்போதும் அவ்வளவுதான்.

பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. இப்படி ஒரு புயலில் பத்தொன்பதில் முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். வைவார்கள். வழி கேட்பார்கள். அன்று யாரும் இல்லை. இரைச்சலும் இல்லை. யாரோ மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல ஓர் அமைதி...

3:52.

"டிரைவரே. முன்னாடி ரெண்டு வண்டி குறுக்க கெடக்கு. நிறுத்து."

எந்த மைல் கல் என்று கேட்டேன். பதில் இல்லை. ஆனால் முன்னாலிருந்து வந்த சொல். நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வலது ஓரம் ஒதுங்கினேன். ஒதுங்கியதாக நினைத்தேன். நிறுத்துகிறேன், நீயும் நிறுத்து என்று லவோனுக்குச் சொன்னேன்.

அவள் பதில் சொல்லவில்லை.

4:02. வண்டி நின்றது. நாலு இண்டிகேட்டரையும் போட்டேன்.

"வெளக்க அணை. நீ ரோட்ட விட்டு எறங்கி நிக்கிற. உன் வெளக்கப் பாத்து அதுதான் ரோடுன்னு பின்னாடி வர்றவன் ஏறிருவான்."

அது சரியான பேச்சு. ஓரம் ஒதுங்கினால் விளக்கை அணை. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. அணைத்தேன்.

காற்று வண்டியை ஆட்டியது. வலது கால் மரத்துப் போயிருந்தது. ஒரு கணம் பனி விலகியது.

என் கதவுக்கு வெளியே, இடது பக்கம், வெள்ளைக் கோடு தெரிந்தது. பாதைகளைப் பிரிக்க விட்டு விட்டுப் போடும் கோடு.

நான் ஓரத்தில் இல்லை. பாதையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது ரேடியோவில் லவோன் சிரித்தாள்.

"நீ இப்படியெல்லாம் பேசுவன்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ இந்த ரேடியோவ வாங்கிக் குடுத்திருப்பேன்."

நான் எதுவுமே பேசியிருக்கவில்லை.

"சரி... நீ சொன்னா சரி. அம்பதுல வர்றேன்."

மைக் கொக்கியில் தொங்கியது. யாரும் அமுக்கவில்லை.

ரேடியோவின் சிவப்பு விளக்கு எரிந்தது. பேசும்போது மட்டும் எரியும் விளக்கு.

மைக்கைப் பிடுங்கினேன். லவோன், நிறுத்து. நான் ரோட்டில் நிற்கிறேன். நிறுத்து.

"அறுபதா? பைத்தியமா உனக்கு?" மறுபடியும் சிரிப்பு. "சரி."

ரேடியோவை அணைத்தேன். சேனல் எண் மறைந்தது.

சிவப்பு விளக்கு மறையவில்லை.

ஃபியூஸைப் பிடுங்கினேன்.

எரிந்தது.

கதவைத் திறந்தேன். காற்று கதவை என்மேல் அடித்தது. படியில் நின்று கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்தேன். ஆன்டெனா அசையவில்லை. அந்தக் காற்றில் அது நேராக நின்றது. அதற்குள் ஏதோ முனகியது. காதை அருகில் கொண்டுபோனேன்.

என் குரல்.

சொற்கள் கேட்கவில்லை. தொனி மட்டும். நான் ஒருநாளும் பேசாத கனிவு.

கையுறை வழுக்கியது. கழற்றி எறிந்தேன். வெறுங்கையால் கம்பியைப் பிடித்தேன். தோல் ஒட்டிக்கொண்டது.

ஒரு சுற்று.

இரண்டு.

மூன்று...

நாலாவதில் கழன்று வந்தது. கையை விடவில்லை. இழுத்துப் பிய்த்து எறிந்தேன். தோலும் அதோடு போனது.

உள்ளே பாய்ந்தேன். எல்லா விளக்கையும் போட்டேன். பிரேக்கை விடுவித்து வலப்பக்கம் திருப்பினேன். வண்டி நகர்ந்தது. ஓரடி. ஒரு வண்டி அகலம்.

கண்ணாடி முழுக்க வெளிச்சம்.

4:11.

அவள் வண்டி என் இடது பக்கத்தை உரசிக்கொண்டு போனது. அந்தக் கண்ணாடியை, சட்டத்தோடு, நான்கு போல்ட்டோடு பிய்த்துக்கொண்டு போனது.

நூறு கஜம் தள்ளி அவள் நின்றாள். டிரெய்லரைத் தடவிக்கொண்டே நடந்து போய் அவள் கேபினில் ஏறினேன். அவள் கைகள் இன்னும் ஸ்டீயரிங்கில் இருந்தன. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீதான வரச் சொன்ன. வழி சுத்தமா இருக்குன்ன."

நான் வாயைத் திறக்குமுன் அவள் ரேடியோ பேசியது.

"லவோன்... எங்க போயிட்ட? வழி சுத்தமா இருக்கு. வா."

என் குரல். அவள் மெதுவாகத் திரும்பி என் வாயைப் பார்த்தாள். அது மூடியிருந்தது.

மணி 4:16. முன்னால் எந்த வண்டியும் குறுக்கே கிடக்கவில்லை.

ஏப்ரலில் கை ஆறியதும் ஹைரமிடம் போனேன். என் லாரியின் கதவுத் தகட்டில் இருந்த எண்ணைக் கொடுத்தேன். அவர் இழுவை வண்டிக்காரனுக்குப் போன் செய்து கேட்டு, எனக்குச் சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த லாரி சிவப்பாக இருந்தது. ஓட்டியவன் நெப்ராஸ்காக்காரன். அரை மைல் பின்னால் இன்னொரு லாரியில் அவன் மனைவி. எல்க் மலை, தரைப்பனி, பட்டப்பகல். அவன் பாதை நடுவில் வண்டியை நிறுத்தி, விளக்குகளை அணைத்திருந்தான். பிறகு இறங்கி டிரெய்லருக்குப் பின்னால் ஓடியிருக்கிறான். அவள் அறுபதில் வந்தாள். இருவரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அவன் கேபினில் ஒரு கீறல் இல்லை. ஹைரம் கடைக்கு வந்த அந்த ஆன்டெனாவிலும் இல்லை. பொருத்தி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவனும் அதைப் பழையதாகத்தான் வாங்கியிருந்தான்.

இழுவை வண்டிக்காரனின் ரேடியோ அன்று பத்தொன்பதில் இருந்தது. ஆறு நிமிடம் கேட்டானாம். ஒரே ஆளின் குரல், இரண்டாக. ஒன்று கெஞ்சியது: "அது நான் இல்ல. நான் சொல்லல." மற்றது சாவகாசமாக அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

நீல லாரியை விற்றுவிட்டேன். லவோனின் வண்டியிலிருந்த ஆன்டெனாவை நானே கழற்றினேன். அந்த இருபது நிமிடம் அது அவளிடம் என்ன பேசியது என்று ஒரே ஒருமுறை கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பதினெட்டு வருஷமா நீ பேசாதது."

அதன் பிறகு நான் நிறையப் பேசப் பழகினேன். சாப்பாட்டு மேசையில் பேசுகிறேன். வானிலையைப் பற்றியாவது பேசுகிறேன். அவள் கேட்டுக்கொள்வாள்.

அக்டோபரில் ஒருநாள் மாலை நாலு மணிக்கு அவளைத் தேடி முற்றத்துக்குப் போனேன். அவள் தன் லாரியில் உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் ஓடவில்லை. ஆன்டெனா இருந்த இடத்தில் வெறும் தாங்கி. ரேடியோவில் பத்தொன்பது என்ற எண் மட்டும் எரிந்தது.

கதவைத் திறந்து பேச வாயெடுத்தேன்.

அவள் ரேடியோவிலிருந்து காதை எடுக்காமல் தன் உதட்டில் விரலை வைத்தாள்.