பதிந்துபோன முகம்

கூட்டம் சேர்ப்பவன் ஒரு முகத்தையும் மறக்கக் கூடாது. அவன் சேர்க்கிற முகங்களோ பார்த்த மாத்திரத்தில் மறந்துவிட வேண்டும்.

கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்தில் இருந்துகொண்டு, மலையாளப் படங்களுக்கும் பொள்ளாச்சி வழியாக வருகிற தமிழ்ப் படங்களுக்கும் ஆள் அனுப்புவது என் தொழில். சந்தைக் கூட்டம், திருவிழாக் கூட்டம், பேருந்துக்கு நிற்கிற கூட்டம். யாருக்காவது வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, பிறகு அவர் வீடு இருக்கும் தெருவைத் தவிர்த்து வண்டியைச் சுற்றி ஓட்டிப் போயிருக்கிறீர்களா? அப்படியானால் மேற்கொண்டு படியுங்கள். நீங்கள் என் ஆள்.

துக்கமும் கல்யாணமும்

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கூட்டத்தில் நிற்பவரின் முகம் காமிராவில் ஒருமுறை தெளிவாக விழுந்துவிட்டால் 'பதிந்துவிட்டது' என்போம். அதே படத்தில் வேறு காட்சியில் அவரை நிறுத்த முடியாது. பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று உதவி இயக்குநர்களுக்குப் பயம்.

சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவரை ஒரு படத்தில் சாவு வீட்டில் உட்காரவைத்தேன். மறுநாள் கல்யாணக் காட்சி. ஆள் குறைந்ததால் அவரே சந்தனம் வைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்துவிட்டார். உதவி இயக்குநர் மானிட்டரைப் பார்த்துவிட்டுக் கத்தினார். நான் ஓடிப்போய் அவரை எழுப்பினேன். முதல் கவளம் வாய்க்குப் போகும் நேரம். இலையை மடக்கிவிட்டு எழுந்தவர் என்னிடம் சொன்னார்: "ஏனுங்க, எங்கூர்ல சாவுக்கு வந்தவனேதானுங்க கல்யாணத்துக்கும் வருவான். ஊரு என்ன, நித்தம் ஒரு ஜனத்தையா பெத்துப் போடும்?"

கை வேலை

மயிலாத்தாள் முதலமடையில் ஒரு மாங்காய்க் குடோனில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். கணவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கட்டிலில் கிடந்தார். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இவருடைய கூலியில்தான். அந்தக் குடோனுக்கு ஒரு மலையாளப் படம் எடுக்க வந்தார்கள். காணாமல்போன மகன் இறந்துவிட்டான் என்று போலீஸ்காரர் வந்து தாயிடம் சொல்கிற காட்சி. தாயாக நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல், வரவில்லை. இளைஞரான இயக்குநர் கையைப் பிசைந்துகொண்டு நடந்தார். பின்னால் கூட்டமாக நான் உட்காரவைத்திருந்த பெண்களில் மயிலாத்தாளின் முன்னால் போய் நின்றுவிட்டார். தமிழ் பேசும் பாத்திரம் என்பதால் பாஷைச் சிக்கலும் இல்லை.

போலீஸ்காரராக நடித்தவர் செய்தியைச் சொன்னார். மயிலாத்தாள் கையிலிருந்த காயைத் திருப்பிப் பார்த்தார். காம்பில் வடிந்திருந்த பாலைச் சேலையில் துடைத்து, உரிய பெட்டியில் வைத்தார். அடுத்த காயை எடுத்தார். அதைத் தவறான பெட்டியில் வைத்தார். கட் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அழச் சொல்லியிருந்தார்களே, ஏன் அழவில்லை என்று பிறகு கேட்டேன். "கை வேலையா இருக்கறப்ப எப்படீங்கண்ணா அழுகறது? அதுக்குக் கை சும்மா இருக்கோணுமுங்க."

மாங்காய் இல்லாத மாதம்

அந்த வருடத்து மாநில அரசுத் திரைப்பட விருதுகளை அறிவித்தபோது சிறந்த துணை நடிகை என்று டிவியில் மயிலாத்தாளின் பெயரைச் சொன்னார்கள். நல்ல மழைக்காலம். குடோன் பூட்டிக் கிடந்தது. சேனல்காரர்கள் குடையோடு வந்து இறங்கி, படத்தில் செய்தது போலவே மாங்காய் பிரிக்கச் சொன்னார்கள். தோப்புகளில் காயே இல்லை. ஒருவர் பொள்ளாச்சிக்கு வண்டியை விரட்டிப் போய், எங்கிருந்தோ வந்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்த பழங்களை வாங்கிவந்தார். மயிலாத்தாள் அவற்றை உட்கார்ந்து பிரித்தார். எல்லாம் ஒரே மாதிரிப் பழம். எதை எதிலிருந்து பிரிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்து எந்தப் படத்தில் நடிக்கிறீர்கள் என்று மைக்கை நீட்டினார்கள். அவர் மைக்கைத் தாண்டி, சுவரோரம் நின்றிருந்த என்னைக் காட்டினார்: "அண்ணனக் கேளுங்க. அவருதான் கூப்புடுவாரு."

விழா

தலைநகரில் விழா. துணைக்கு நான் போனேன். காலையில் ஒத்திகை நடந்தது. ஜெயித்தவர்கள் எல்லாரும் வரிசையாக மேடையேறி, வெறுங்கையை நீட்டி, வராத விருதை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். சிறந்த நடிகர் மயிலாத்தாளின் கையைப் பிடித்து, அடுத்த படத்தில் நாம் சேர்ந்து நடிக்கிறோம் அம்மா என்றார். அதே வாக்கியத்தை வரிசையில் நின்ற மற்றவர்களிடமும் சொல்லிக்கொண்டே போனார். அதை மயிலாத்தாள் கேட்கவில்லை. அடுத்த சீசனுக்கு வேறு ஆள் பார்க்கும்படி குடோனில் சொல்லிவிடட்டுமா என்று என்னைக் கேட்டார். பொறுங்கள் அம்மணி என்றேன்.

மாலையில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் போனார். வாங்கினார். புகைப்படக்காரர்கள் கீழேயிருந்து இங்கே, இங்கே என்று கத்தினார்கள். அவர் அமைச்சரைப் பார்த்தார், விருதைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். காமிரா இருந்த திசையை மட்டும் பார்க்கவேயில்லை. மறுநாள் பத்திரிகையில் எல்லா முகங்களும் இருந்தன. இவருடையதில் கொண்டையும் ஒரு காதும் தெரிந்தன. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ரயிலில் கேட்டேன். "நீங்கதானுங்க சொன்னீங்க, காமிராவப் பார்த்தா வெளிய தொரத்தீருவாங்கன்னு."

பொன்னாடை

ஊரில் வரவேற்புகள். பஞ்சாயத்து, பள்ளிக்கூடம், இளைஞர் கிளப், கூட்டுறவு சொசைட்டி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். பொன்னாடைகள் சேர்ந்துகொண்டே இருந்தன. கணவருக்குக் குளிரும் நாட்களில் அதில் இரண்டு மூன்றை மடித்துப் போர்த்திவிட்டார். மாங்காய் சீசன் தொடங்கியது. எந்தப் படத்திலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. மயிலாத்தாள் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு குடோனுக்குப் போனார். வாசலிலேயே அவர் படம் போட்ட ஃபிளெக்ஸ் இருந்தது. 'எங்கள் குடோனின் பெருமை' என்று எழுதியிருந்தது. முதலாளி எழுந்து வந்து கும்பிட்டு, நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார். வேலை மட்டும் கொடுக்கவில்லை.

அவருக்காகப் பேச நான் போனேன். முதலாளி நல்ல மனிதர். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "பொன்னாடை போத்துன தோளுங்க அது. அதுல போயி நான் கூடையத் தூக்கி வெக்கறதுங்களா? நாளைக்கே டிவிக்காரன் வந்து, பாரு, விருது வாங்குன பொம்பளய இவன் மாங்கா பொறுக்க உட்டுருக்கான்னு எம்மூஞ்சியில மைக்க நீட்டுவான். ஃபிளெக்ஸ் வேணும்னா இன்னொண்ணு வெக்கறனுங்க."

கமர்ஷியல்

தெரிந்த தயாரிப்பு நிர்வாகிகளுக்கெல்லாம் போன் செய்தேன். அம்மா வேடம், அத்தை வேடம், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் வேடம், எதுவானாலும் சரி என்றேன். பலர் எடுக்கவில்லை. எடுத்த ஒருவர் மட்டும் நேர்மையாகப் பேசினார்: "அவார்டு அம்மாவா? நம்மளுது கமர்ஷியல் படம்ணே. போஸ்டர்ல அவங்க பேரப் பார்த்தா ஜனம் உஷாராயிரும்."

மறையூர்

நடிப்பு வேண்டாம், கூட்டத்தில் நிற்க வையுங்கள் போதும் என்று மயிலாத்தாளே சொல்லிவிட்டார். மறையூரில் வெல்லம் காய்ச்சும் ஆலையில் ஒரு மலையாளப் படம் நடந்துகொண்டிருந்தது. கரும்புச் சக்கை அள்ளும் பெண்கள் வேண்டும் என்றார்கள். உடுமலை போய், சின்னார் வழியாக மூணாறு பஸ்ஸில் கூட்டிப்போனேன். வழியில் அவர் சக்கை அள்ளுவதில் எந்தக் கையை முதலில் போடுவது என்று மட்டும் ஒருமுறை கேட்டார்.

அங்கே இறங்கியதும் உதவி இயக்குநர் அடையாளம் கண்டுகொண்டார். காலைத் தொட்டுக் கும்பிட்டார். படக்குழு முழுக்க வந்து செல்பி எடுத்தது. கதாநாயகி தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, கொப்பரையிலிருந்து எடுத்த சூடான வெல்லத்தை இலையில் வைத்துத் தந்தார். இதெல்லாம் முடிந்த பிறகு உதவி இயக்குநர் என்னை அடுப்புக்குப் பின்னால் அழைத்துப் போய், இவரைக் கூட்டத்தில் நிறுத்த முடியாது என்றார். அந்த முகம் அந்தப் படத்தில் பதியவில்லையே என்று கேட்டேன். எல்லாப் படத்துக்கும் சேர்த்துப் பதிந்துவிட்டது என்றார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார்: "சேட்டா, இந்த அம்மா சக்கை அள்ளினால் எல்லாரும் இவங்களைத்தான் பார்க்கும். பின்னே ஹீரோயினை ஆரு பார்க்கும்?"

முதல் வரிசை

கடைசியில் ஒரு தமிழ்ப் படம் வந்தது. கொல்லங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, விருது விழா மாதிரி மேடை போட்டிருந்தார்கள். கதைப்படி கதாநாயகி கிராமத்துப் பெண். சினிமாவில் நடித்து விருது வாங்குகிறாள். கைதட்டுவதற்கு ஒரு மண்டபம் நிறைய ஆள் வேண்டும். இந்தச் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்து, மயிலாத்தாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கணவருக்குத் தைலம் வாங்கிக்கொண்டு வந்த பை கையில் இருந்தது. "மூஞ்சி தெரியாத எடமாப் பாத்து உக்கார வெச்சுருங்கண்ணா" என்றார். இணை இயக்குநரிடம் கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டு, முதல் வரிசை என்றால் பரவாயில்லை என்றார். காமிரா முதல் வரிசைக்குப் பின்னால் இருந்து மேடையைப் பார்க்கும். அங்கே உட்காருபவர்களின் முதுகு மட்டும்தான் விழும்.

அப்படித்தான் மயிலாத்தாள் இரண்டாம் முறையாக ஒரு விருது விழாவின் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் கதாநாயகி விருதை வாங்கினார். கண்ணீர் போதவில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் மயிலாத்தாள் கைதட்டினார். மற்றவர்கள் சொல்லிக்கொடுத்தபடி தட்டினார்கள். இவர் மட்டும் ஒருமுறை தட்டி, கைகளைப் பிரிக்காமல் அப்படியே சற்று நேரம் வைத்திருந்துவிட்டு, மறுபடி தட்டினார். தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மானிட்டரில் அதைப் பார்த்த இயக்குநர் எழுந்து நின்றார். காமிராவை இறக்கச் சொன்னார். மேடையை மங்கலாக்கி, அந்த முதுகை மட்டும் தனியாக, கிட்டத்தில், நீளமாக எடுத்தார்.

அந்த விழாக் காட்சி மறுநாளும் உண்டு, ஆனால் கதையில் வேறு வருடம், வேறு கூட்டம். இணை இயக்குநர் என் பக்கத்தில் வந்து, அந்த முதுகு நன்றாகப் பதிந்துவிட்டது, நாளைக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்றார். வெளியே மயிலாத்தாள் அதே பையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார். விருது வாங்கிய அன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு தெளிச்சியை நான் பார்த்ததில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "இது தேவலைங்கண்ணா. மூஞ்சிய யாரும் கேக்கலீங்க. நாளைக்கும் முதுகு வேணும்னாச் சொல்லுங்க, வெடியால வந்தர்றேன்."

இப்போது குரல் மட்டும் தேவைப்படுகிற ஒரு படத்துக்காக மயிலாத்தாளின் சார்பில் காத்திருக்கிறேன், குரலுக்கும் அந்தத் தலைநகர் விழாவில் ஒரு விருது கொடுக்கிறார்கள் என்பதுதான் பயமாக இருக்கிறது.