கார் ஸ்ராட்டரும் ராகு காலமும்

பழைய அமெரிக்கக் கார் எஞ்சின்களைப் படகுக்கு மாற்றும் பட்டறை ஒன்றில், பாரிசுக்குப் பக்கத்து ஆர்ஜொந்தெய்யில், இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். அந்தக் காலத்தில் நான் செய்த ஒரே ஒரு களவைப் பற்றிப் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் இன்றைக்கும் பேசுகிறார்கள். பேசுவது பாதிக் கதை. மீதியை இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. ஒரே ஓட்டை, இரண்டு சாமான்

அந்தக் கால வி-8 எஞ்சின் காரிலும் ஓடும், படகிலும் ஓடும். காரில் பெற்றோல் கசிந்தால் ஆவி றோட்டில் இறங்கிக் காற்றோடு போய்விடும். படகில் அதற்குப் போக வழியில்லை. காற்றைவிடப் பாரமானது, அடியில் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும். அதனால்தான் எஞ்சினைக் கிளப்பும் ஸ்ராட்டரைப் படகுக்கென்றால் நெருப்புப்பொறி வெளியே வராதபடி மூடிச் செய்கிறார்கள். கார் ஸ்ராட்டர் அப்படியில்லை. ஆனால் போல்ட் ஓட்டை இரண்டுக்கும் ஒன்று. கொடுமையே அதுதான். எதைப் போட்டாலும் ஸ்ராட் பண்ண முன் நாலு நிமிடம் புளோவர் என்ற காற்றாடியை ஓடவிட்டு ஆவியை வெளியேற்ற வேண்டும், எஞ்சின் மூடியைத் திறந்து மணந்து பார்க்க வேண்டும்.

2. சாமத்தியவீடு

யோகனுக்கு லா ஷப்பலில் சாறிக்கடை. மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டுக்குப் பிள்ளையைப் படகில் கொண்டுவந்து ஆற்றங்கரை மண்டபத்தில் இறக்க வேண்டும் என்று பழைய மரப்படகு ஒன்று வாங்கினான். எஞ்சினைத் திருத்திக் கொடுத்தவன் நான். முந்தின கிழமை ஸ்ராட்டர் செத்துப்போனது. படகு ஸ்ராட்டர் வரப் பத்து நாளாகும், அன்றைக்கு வேறு படகால் இழுப்பித்துக்கொள் என்றேன். தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நம்பியது என் பிழை.

ஞாயிறு நாலேகாலுக்கு வேட்டியோடு போய் நிற்கிறேன். பிள்ளை பட்டுச் சாறியும் நகையுமாகப் படகில் இருக்கிறாள். எஞ்சின் மூடிமேல் ஒரு தட்டு. தட்டில் கற்பூரம். யோகன் கையில் நெருப்புப்பெட்டி.

“ஸ்ராட்டர் எங்காலை?” என்றேன்.

“ஓல்னேயிலை, கார் உடைக்கிற இடத்திலை எடுத்தனான் அண்ணை. அச்சாப் பொருந்தியிட்டுது.”

“புளோவர் போட்டனியோ?”

“நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ளை எடுக்கோணும். நாலு நிமிசம் ஆர் நிக்கிறது?”

எனக்கு உச்சி கொதித்தது. அவன் பார்த்தது யாழ்ப்பாணக் கலண்டர். அன்றைக்குப் பாரிசில் சூரியன் இரவு பத்து மணிக்குப் படுகிறது. இங்கத்தைய வெயிலைக் கணக்குப் பார்த்தால் ராகு காலம் எட்டு மணிக்குத்தான். அந்தக் கணக்குத் தெரியாதவர்கள் பெற்றோலுக்கு மேல் கற்பூரம் கொளுத்த நிற்கிறார்கள்.

தட்டைத் தூக்கிக் கரையில் வைத்தேன். மூடியைத் திறந்தேன். மணம் மூக்கில் அறைந்தது. குழாய் கசிந்திருந்தது. சாவியைப் பிடுங்கினேன்.

யோகன் பொக்கற்றிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்தான். “நல்ல காரியத்திலை அபசகுனமாக் கதையாதேங்கோ அண்ணை.”

“கொளுத்திப்போட்டு என்னத்தையடா கொண்டாடப் போறாய்?” என்றேன். நூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீடியோக்காரன் எடுத்துக்கொண்டே இருந்தான்.

பிள்ளைதான் என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டாள், எரியுமா என்று. ஓம் என்றேன். சாறியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானாகவே கரைக்கு இறங்கினாள். பிறகு தகப்பன் படகை எடுத்து யாரை ஏற்றுவது? நடந்தே மண்டபத்துக்குப் போனார்கள்.

3. களவு

நான் சாப்பிடப் போகவில்லை. மூடியைத் திறந்தபடி ஒரு மணித்தியாலம் காற்றுப்பட விட்டேன். ஆவி போனபின் பற்றரி வயரையும் போல்ட்டையும் கழற்றி, ஸ்ராட்டரைச் சால்வையில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். கறி விருந்துக்குப் போனவன் கையில் கிறீசோடு திரும்பி வந்தேன்.

அடுத்த நாளே யோகன் கடையில் நின்று சொல்லத் தொடங்கினான்: “சுபகாரியத்தையும் குழப்பி, என்ரை ஸ்ராட்டரையும் களவெடுத்துக்கொண்டு போட்டார்.” கேட்டவர்களும் ஓமோம் என்றார்கள். பிள்ளை எதன்மேல் இருந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொழிலுக்கு வருகிறவர்களே, சாவியைப் பிடுங்கினால் காரியம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். இன்னொரு சாவி எப்போதும் இருக்கும். ஸ்ராட்டரைக் கழற்றிக்கொண்டு போங்கள். கள்ளன் என்பார்கள். என்னையும் அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறார்கள்; சொல்ல ஓராள்கூடக் குறையவில்லை.