கைப்பிடி எந்தப் பக்கம்

அவளுக்கு மிலிட்டரி என்று பேர் வைத்த புண்ணியவான் யார் என்று கேட்டால் அந்த முதியோர் இல்லத்தில் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் அவளுடைய கான்வாஸ் ஷூ சத்தம் கேட்டால் போதும், ஒவ்வொரு அறையிலும் போர்வை தலைக்கு மேல் ஏறிவிடும். தூங்குகிறார்களாம்! விடிந்து எவ்வளவு நேரமாயிற்று, இன்னும் என்ன தூக்கம்? போர்வையை உருவி, ஜன்னலைத் திறந்து, ஆளை உட்கார வைத்துவிட்டுத்தான் அவள் அடுத்த அறைக்குப் போவாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். முன்பு பெரிய ஆஸ்பத்திரியில் விளையாட்டு வீரர்களின் முட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தவள். "வயசுப் பையன் முட்டி எப்படியும் சரியாகும், அதுக்கு நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு இங்கே வந்தாள். வயசானவர்களுக்கு எக்சர்சைஸ் சொல்லிக் கொடுத்து என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று அவள் அக்காவே கேட்டாள். என்னத்தைக் கிழித்தாளா? ஸ்பூன் பிடிக்க முடியாமல் இருந்த டீச்சரம்மா இப்போது தானே சாப்பிடுவதோடு, பக்கத்துக் கட்டில்காரியையும் ஒழுங்காகச் சாப்பிடு என்று அதட்டுகிறாள். படுத்தே கிடந்த ஒருவர் தானாக நடந்து போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொள்கிறார். கதவைத் தானே சாத்திக்கொள்வதில் என்ன மரியாதை இருக்கிறது என்று படுத்துக் கிடந்தவரைக் கேட்டால்தான் தெரியும்.

காலமெல்லாம் லாரி ஓட்டிய ஒருவருக்கு இல்லத்தில் லாரிக்காரர் என்றே பேர். அவர் பக்கவாதம் வந்து இங்கே சேர்ந்தபோது வாய் கோணியிருந்தது. இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முதலில் சரியானது வாய். அதன் பலனை அனுபவித்தவள் மிலிட்டரி.

"ஏம்மா, உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"எந்திரிச்சு நில்லுங்க ஐயா, இருக்கான்னு பார்த்துச் சொல்றேன்."

தினமும் மத்தியானம் அவர் மனைவி பஸ் பிடித்து வருவாள். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததும் இருவரும் சண்டையை ஆரம்பிப்பார்கள். கேஸ் அடுப்பு எரியவில்லை, நீ துடைத்திருக்க மாட்டாய், நீங்கள் வந்து துடையுங்கள். கிளம்பும் நேரம் வந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிடும். அவள் பையை எடுக்க மாட்டாள். அவர் போகச் சொல்ல மாட்டார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், வீட்டுக்குப் போக வேண்டும். வீடோ முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. இல்லத்தின் பொறுப்பில் இருந்த பெரிய சிஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஏறத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, இறங்கவும் தெரியணும். அவசரம்னா அந்த அம்மாவா தூக்கிட்டு இறங்குவாங்க? வீட்டுக்கே கூட்டிட்டுப் போய்ப் பார்ப்போம். முடியலைன்னா பின்கட்டுக்கு மாத்திடலாம்." பின்கட்டு என்றால் கடைசிவரை இங்கேயே இருப்பவர்களின் பகுதி. அங்கே போனவர்கள் பெட்டியைத் திரும்பக் கட்டியதில்லை.

"அவர் நடந்து வீட்டுக்குப் போவார், நீங்க பாருங்க சிஸ்டர்," என்றாள் மிலிட்டரி. பந்தயம் கட்டாத குறைதான்.

பயிற்சி அறையில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த மரப்படி இருந்தது. அதில்தான் பழக்கினாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோய்க்கால் முதலில். லாரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஏறுவார், திட்டிக்கொண்டே இறங்குவார். போகப் போகத் திட்டு குறைந்தது. "இந்தப் படியெல்லாம் ஒரு படியா?" என்று மீசையைத் தடவ ஆரம்பித்ததும் மிலிட்டரி வேனுக்குச் சொல்லிவிட்டாள்.

வீட்டில் அவர் ஏறியதைப் பார்த்திருக்க வேண்டும்! வலது கையால் கைப்பிடியைப் பிடித்தார், நல்ல காலை வைத்தார், நோய்க்காலை இழுத்துக்கொண்டார். விறுவிறுவென்று இல்லைதான், ஆனால் எங்கேயும் தடுமாறவில்லை. மனைவி கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, "டீயைப் போடு," என்று அதிகாரமாகச் சொன்னார். பெரிய சிஸ்டரே சிரித்துவிட்டார்.

டீ குடித்து முடித்து, இறங்குவதற்காகப் படி முனையில் வந்து நின்றபோதுதான் மிலிட்டரிக்குப் பகீரென்றது.

கைப்பிடி ஒரு பக்கம்தான் இருந்தது. ஏறும்போது அது வலது பக்கம். இறங்குவதற்குத் திரும்பி நின்றால் இடது பக்கம், செத்துப்போன கைப் பக்கம். வலது பக்கம் வெறும் சுவர். மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டிருந்தாள். நல்லா கெட்டியா இருக்கும்மா என்று அவளும் சொல்லியிருந்தாள். எந்தப் பக்கம், எத்தனை என்று கேட்கவில்லை. அறையில் இரண்டு பக்கமும் இருந்ததால் அந்தக் கேள்வியே அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் இதே வேலையைப் பார்த்துவிட்டு!

"இன்னொரு கைப்பிடி வைக்க முடியாதா?" என்றார் பெரிய சிஸ்டர்.

"ஹவுஸ் ஓனர் ஒரு ஆணி அடிக்கவே விட மாட்டார்," என்றாள் மனைவி.

லாரிக்காரர் படிகளை எட்டிப் பார்த்தார். மீசைக்குப் போன கை பாதியில் நின்றது. பின்கட்டு அவர் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது என்று மிலிட்டரிக்குப் புரிந்தது.

"தப்பு என்னோடது," என்றாள் அவள், பளிச்சென்று. "கேட்டிருக்கணும், கேக்கலை. ஐயா, அப்படியே வீட்டைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க. இப்ப கைப்பிடி நல்ல கைக்கு வந்துடுச்சா? இப்படியே பின்னாடி இறங்குங்க."

"என்னது, ரிவர்ஸா?"

"ஆமா, ரிவர்ஸ்தான்."

"போம்மா! லாரியில கண்ணாடி இருந்துச்சு, கிளீனர் இருந்தான். எனக்கு முதுகுல கண்ணா இருக்கு? கீழே உருண்டா நீயா பொறுப்பு?"

"நான்தான் பொறுப்பு. நான்தான் கிளீனரும். உங்களுக்குக் கீழ்ப்படியில நிக்கிறேன், பெல்ட்டைப் பிடிச்சிருக்கேன். விழுந்தா என் மேலதான் விழுவீங்க. எனக்கு மட்டும் உயிர் மேல ஆசை இல்லையா?"

அவர் இடுப்பில் கட்டியிருந்த பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு படி கீழே இறங்கி நின்றாள். அவருக்கு வேர்த்தது. நோய்க்கால் பின்பக்கம் காற்றில் துழாவியது.

"வரலாம் ஐயா, வரலாம். இன்னும் கொஞ்சம். பட்டுச்சா? அங்கேதான் படி. ஊணுங்க. இப்ப நல்ல காலைக் கொண்டு வாங்க."

ஒரு படி. நின்றார். மூச்சு வாங்கினார். மறுபடியும், "வரலாம், வரலாம்." இன்னொரு படி. பெரிய சிஸ்டர் சுவரோரமாக ஒதுங்கி, மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் இறங்கியதும் காலுக்கே வழி தெரிந்துவிட்டது. துழாவுவது நின்று, நேராகப் படியில் போய் உட்கார்ந்தது.

கடைசிப் படியும் வந்து, தரையில் இரண்டு காலும் ஊன்றி நின்றார். "போதும்மா," என்றார் பெரிய சிஸ்டர். "இவர் வீட்டுக்குப் போகலாம்."

மனைவி இன்னும் மேலே வாசலில்தான் நின்றிருந்தாள். மிலிட்டரி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, அதான் இறங்கிட்டாரே. எதுக்கு அழுறீங்க?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இவர் லோடு ஏத்தக் கிளம்புறப்ப இங்கேதாம்மா நிப்பேன்," என்றாள் அவள். "முதுகைத்தான் பார்த்திருக்கேன். இன்னிக்குத்தான் மூஞ்சியைக் காட்டிக்கிட்டு இறங்குறாரு."

லாரிக்காரர் கைப்பிடியை விடாமல் மேலே பார்த்தார். மிலிட்டரி அவர் இடுப்புப் பட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

"கதவைச் சாத்திடாதே," என்றார் அவர். "இதோ, ஏறி வந்துடறேன்."