முன்ன நிக்கிறது யாரு

எனக்குக் கிடைத்த முதல் வேலையை என்னவென்று சொல்வது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. திருப்பாச்சூரில் கேட்டவர்களிடம் ஒரு நாள் கம்பெனி உத்தியோகம் என்பார், இன்னொரு நாள் கவர்மென்ட் கணக்கெடுப்பு என்பார். நான் திருத்தவில்லை. தொழில் நிர்வாகம் கற்பிக்கும் ஒரு கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். வடக்கே இருந்து வந்தவர், தமிழ் தெரியாது. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் பெரிய சாலையை ஒட்டியிருந்த ஒரு போல்ட் தொழிற்சாலையில் ஆராய்ச்சி செய்ய வந்தார். அவருடைய கேள்விகளைத் தமிழாக்கி, அங்கே வேலை செய்யும் பெண்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். அதுதான் வேலை.

முடியுமா என்று அவர் கேட்டபோது முடியும் என்றேன். என்னைவிட நன்றாக வேறு யாராலும் முடியாது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். நெல் அறுக்கிற வீட்டிலிருந்து கிளம்பி, திருவள்ளூரில் பாசஞ்சர் ரயில் ஏறிப் பட்டணம் போய்ப் பட்டம் வாங்கியவள். கல்லூரியில் பேச்சுப்போட்டிகளுக்காக என் தமிழைத் தேய்த்துத் தேய்த்துப் புத்தகத் தமிழாக்கி வைத்திருந்தேன். வீட்டிலும் அப்படியே பேசுவேன். "இன்னா பாஷ பேசுது இது" என்று அம்மா சிரிப்பார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

விடியும் முன்பே கிளம்பி, பெரியபாளையம் வழியாக ஒரு பஸ், கவரப்பேட்டையில் இறங்கி இன்னொரு பஸ். போய்ச் சேரும்போது முந்தானையில் சாலைப் புழுதி படிந்திருக்கும்.

பெண்கள் வேலை செய்தது பேக்கிங் ஷெட்டில். தகரக் கூரை. எண்ணெய் பூசிய போல்ட்டுகளைத் தரம் பிரித்து, எடை போட்டு, கட்டுவார்கள். பாதிப் பேர் சுற்றுவட்டார நெல் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், பாதிப் பேர் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து. அதுவரை கோணிப்பையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தது. அட்டையின் விளிம்பு விரலைக் கிழிக்கிறது என்று பெண்கள் தொட மறுத்தார்கள். சூப்பர்வைசர் அதட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. பிறகு திடீரென்று ஒரு வாரத்துக்குள் ஷெட் முழுவதும் பெட்டிக்கு மாறிவிட்டது. சூப்பர்வைசர் தன் சாமர்த்தியம் என்றார். பேராசிரியர் நம்பவில்லை. ஒரு புது முறை ஒரு கூட்டத்துக்குள் யார் வழியாக நுழைகிறது, பதவி இல்லாமலே யார் பேச்சை மற்றவர்கள் கேட்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

அவர் கொடுத்த முதல் கேள்வியை, "உங்கள் குழுவின் தலைவி யார்?" என்று எழுதிக்கொண்டு போனேன். பிழையே இல்லாத வாக்கியம்.

"தலைவியா? அவ கும்மிடிப்பூண்டி டென்ட்டு கொட்டாயில கீறா டீச்சரம்மா. சினிமா முடிஞ்சா வருவா" என்றாள் ஒருத்தி. ஷெட்டே சிரித்தது.

அவளை எல்லோரும் அக்கா என்றார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஏரிக்கரைக்காரி. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். குரல் பெரிது. எனக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்தவளும் அவள்தான். "பரிச்சயில பெயிலானா இன்னா பண்ணுவ, ஊட்டுக்கு அனுப்பிடுவியா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள்.

அன்று பஸ்ஸில் வரும்போது வேறு சொல் தேடினேன். எங்கள் பக்கத்தில் கல்யாணமோ சாவோ, எடுத்துக் கட்டிச் செய்கிறவரை 'முன்ன நிக்கிறவரு' என்போம். தலைவர் என்ற சொல்லைவிட அது சரியான சொல். எனக்கு அது கிடைத்ததில் மிகுந்த சந்தோஷம். மறுநாள், இங்கே யார் முன்ன நிக்கிறாங்க என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகக் கேட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. "யாரும் முன்ன நிக்கலம்மா, எல்லாம் ஒண்ணாதான் நின்னோம்" என்றாள் முதல் பெண். அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். எழுதிக்கொண்டே போனபோதுதான் கவனித்தேன். நான் நிகழ்காலத்தில் கேட்கிறேன், அவர்கள் இறந்தகாலத்தில் பதில் சொல்கிறார்கள்.

பேராசிரியர் அந்தப் பதில்களைப் படித்துவிட்டு, இங்கே தலைமை என்பதே இல்லை என்று எழுதத் தொடங்கியிருந்தார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏன் இப்படி என்று கேட்டேன். அவள் கருவாட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"போன கோடையில தண்ணிப் பானைய எடுத்துக்கினு போயி ஆபீசாண்ட வெச்சிட்டானுங்க. நாங்க கைய கட்டிக்கினு குந்திட்டோம். மேனேஜரு வந்து இத்தயேதான் கேட்டாரு, யாரு முன்ன நின்னதுன்னு. ஒருத்தி நான்தான்னா. மறுநாளு அவள கம்பெனி கேட்டுக்குள்ள வுடல. நீயும் அதே வார்த்தைய எடுத்துக்கினு வந்தா எவ வாய தொறப்பா?"

என் சொல்லில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அந்த ஷெட்டில் அது எனக்கு முன்பே போய் ஒரு வேலையைப் பறித்திருந்தது.

மூன்றாவது முறை கேள்வியில் எந்தப் பதவியும் வைக்கவில்லை. கை கிழிந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? புதுசா ஒரு வேலை வந்தால் யார் கையைப் பார்த்துச் செய்வீர்கள்? கேட்பதற்கு முன் ஒவ்வொருத்திக்கும் ஒரு வாக்குக் கொடுத்தேன். நீங்கள் யார் பேரைச் சொன்னீர்கள் என்பது என்னையும் பேராசிரியரையும் தாண்டிப் போகாது, சொல்லப்பட்டவர் காதுக்கும் போகாது. என் படிப்பின் மேல் சத்தியம் என்றேன். வேறு எதன் மேல் சத்தியம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் அக்காவைத்தான் சொன்னார்கள். அட்டையின் விளிம்பில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் செருகிப் பிடிக்கலாம் என்று அவள் செய்ததைப் பார்த்துத்தான் ஷெட்டே பெட்டிக்கு மாறியிருக்கிறது. நெல் கிராமத்துப் பெண் ஒருத்தி அக்காவோடு பேசி மாசக்கணக்கில் ஆயிற்று. பஸ்ஸில் இடம் பிடித்த சண்டை. அவளும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவளக் கண்டாலே எனக்கு ஆவாது. ஆனா கை கிழிஞ்சா அவளத்தான் கூப்புடுவேன். இத்த அவகிட்ட சொல்லிடாத."

பேராசிரியர் ஒரு பெரிய தாளில் ஒவ்வொருத்திக்கும் ஒரு வட்டம் போட்டு, யார் யாரைச் சொன்னார்கள் என்று அம்புக்குறி வரைந்தார். எல்லா அம்புகளும் ஒரே வட்டத்தில் போய்க் குத்தி நின்றன. அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை மறக்க முடியாது. பெயர் எழுதவில்லை, எண்கள்தான். ஆனால் வட்டங்களை அவர்கள் ஷெட்டில் உட்காரும் இடப்படி போட்டிருந்தார். கதவிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் யார் என்று வாட்ச்மேன்கூடச் சொல்லிவிடுவான். நான் அதைச் சொன்னேன். இடமும் முக்கியம், அதை எடுத்தால் படத்தில் பாதி போய்விடும் என்றார். அப்படியானால் என் மொழிபெயர்ப்பையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அவர் தாளைத் திருப்பிப் போட்டு, வட்டங்களை வரிசையில்லாமல் கலைத்து மறுபடி வரைந்தார். நல்ல மனிதர்தான்.

மேனேஜர் படத்தைப் பார்த்ததும் அந்த ஒரு வட்டத்தில் விரலை வைத்தார். பேராசிரியரை விட்டுவிட்டு என்னிடம் தமிழில் கேட்டார், இது யார் என்று. பேக்கிங் ஷெட்டுக்கு ஒரு பெண் மேஸ்திரி போடப்போகிறோம், இந்த ஆளுக்கே கொடுத்துவிடலாம் என்றார். நிஜமாகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. தண்ணீர்ப் பானையும் நினைவுக்கு வந்தது. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நான் வெளியாள் என்பதால் எதுவும் சொல்லவில்லை.

அக்காவைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தேன். ஒரு பேர் வந்திருக்கிறது, அது உங்க பேர் என்றால் மேனேஜரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். மேஸ்திரி வேலை என்கிறார், ஆனால் அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது என்றும் சொன்னேன்.

அவளுக்கு மேஸ்திரி வேலை காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"எல்லாருமா?" என்றாள்.

நான் பேசவில்லை.

"அந்த பஸ்சு சண்டைக்காரி கூடவா?"

பேசக்கூடாது என்பதால் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகம் என்ன சொன்னதோ, அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஊமக்கோட்டான்" என்று என்னைத் திட்டிவிட்டுச் சிரித்தாள். பிறகு கணக்காகப் பேசினாள். அந்த வருஷம் முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தது, ஏரியில் மீன் ஏறவில்லை, வீட்டுக்காரர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டார், பிள்ளைகள் மூன்று. கேட்டைத் தாண்ட விடாமல் செய்தால் வீட்டில் அடுப்பு எரியாது. மேஸ்திரி ஆக்கினால் இரண்டு வேளை எரியும்.

"சொல்லிடு. எல்லாரும் கூப்புடறவளத் தொரத்த அவரு இன்னா பைத்தியமா?"

சொன்னேன். மேனேஜர் வாக்குத் தவறவில்லை. என் வேலை முடிந்த வாரமே அவளுக்கு வேலை கொடுத்துவிட்டதாகப் பேராசிரியர் எழுதியிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அதைப் படித்துக் காட்டினேன். அப்பாவுக்கு அப்போதுதான் என் வேலை புரிந்தது. ஆட்களுக்கு உத்தியோகம் வாங்கிக் கொடுக்கிற வேலை என்று ஊரில் சொன்னார். அதையும் நான் திருத்தவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் பேராசிரியர் மறுபடி கூப்பிட்டார். அதே ஷெட், அதே கேள்விகள், என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதே வாக்கைக் கொடுத்துத்தான் மறுபடியும் ஆரம்பித்தேன்.

அக்கா இப்போது வரிசையில் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் இரும்பு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அதில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருத்தி வந்து, "மேஸ்திரியம்மா, கட்டுக்கயிறு வேணும்" என்றாள். ஷெட்டில் யாரும் அக்கா என்று கூப்பிடவில்லை. மரியாதைக் குறைவும் இல்லை. எல்லோரும் ஒழுங்காக, சத்தமில்லாமல் வேலை செய்தார்கள்.

கேள்விகளைக் கேட்டேன். ஒருத்திகூட அவள் பேரைச் சொல்லவில்லை. கை கிழிந்தால் கூப்பிடும் ஆள் இப்போது அந்த பஸ் சண்டைக்காரி. மற்றவர்கள் எல்லோரும் தன் பேரைச் சொன்னது அவளுக்கே தெரியாது. ஏன் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "அவங்க இப்ப ஆபீசு ஆளு டீச்சரம்மா. கை கிழிஞ்சா அவங்க அத்த எழுதணும். எழுதினா அன்னிக்குக் கூலி போச்சு. அவங்கள ஏன் பேஜாரு பண்ணணும்?" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அம்புகள் எல்லாம் இடம் மாறியதைப் பார்த்துப் பேராசிரியருக்குப் போன முறையைவிட அதிக மகிழ்ச்சி. கூட்டத்துக்குள் இருந்த தலைமையைப் பதவிக்கு ஏற்றினால் அது அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறது, கூட்டம் இன்னொருவரைத் தேடிக்கொள்கிறது. இது பெரிய கட்டுரை ஆகும் என்றார். ஆகட்டும் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது உண்மை. அந்த உண்மை கிடைக்கும்படி கேள்வியை அமைத்தது நான். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் அன்று அந்தத் தாளில், அம்பே வராமல் ஓரமாக நின்ற வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னோடு பஸ் நிற்கும் இடம் வரை வந்தாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். பெரியவளைப் பொன்னேரியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாளாம், உன்ன மாரி வருவா என்றாள். முகத்துவாரம் திறந்துவிட்டது, மீன் ஏறுகிறது என்றாள். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு லாரியின் சத்தம் அடங்கியதும் கேட்டாள்.

"இந்த தபா இன்னா வந்துச்சு?"

வாக்கு வாக்குதான். நான் பேசவில்லை.

"போன தபாவும் இப்பிடித்தான் வாய மூடிக்கினு இருந்த" என்றாள். என் முகத்தையே பார்த்தாள். நான் சாலையைப் பார்த்தேன். "அப்ப மூஞ்சி வேற மாரி இருந்துச்சு."

பஸ் தூரத்தில் தெரிந்தது. அவள் என் தோளில் ஒட்டியிருந்த அட்டைத் தூசியைத் தட்டிவிட்டாள்.

"நீ ஏறு. சங்கு ஊதப்போறாங்க, நான் போவணும். ஷெட்டு கதவாண்ட நான்தான் முன்ன நிக்கணும்."