சிவப்பு மையில் இரண்டு எண்கள்

எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்துக் கூட்டியவள் நான். அந்தப் பெருமை நான்காம் வகுப்பிலேயே எனக்கு நிறைய இருந்தது. மளிகைப் பொட்டலம் கட்டிய தாளைக்கூடச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் போடுவேன்.

அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை. அம்மா ஏழு மாத வயிற்றோடு ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேரைக் கையில் வாங்கிய நர்ஸம்மா, கம்பெனி விடுமுறை நாளாகப் பார்த்து வந்தார். அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்த்தார். வீங்கிய காலை விரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது. இனி வேலைக்கு அனுப்பினால் வலிப்பு வரும், இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார்.

நான் பிறக்கும்வரை அம்மா வேலைக்குப் போனதை அப்பா நினைவுபடுத்தினார்.

"வாயால இன்னா வேணா சொல்லலாம் நர்ஸம்மா. எழுதிக்கீதா?"

டேனரியில் பலகையில் எழுதி ஒட்டியதுதான் சட்டம். அவர் கேட்டதில் குறும்பில்லை.

அப்பா வெளியே போனதும் நர்ஸம்மா அம்மாவின் பிரசவ அட்டையில் சிவப்பு மையால் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார். "பாப்பா, அம்மா இனிமே மிஷின்ல உக்காரக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிலதான் பிரசவம். இதத்தான் எழுதிக்கிறேன். அப்பாவுக்குப் படிச்சிக் காட்டு."

பார்த்தேன். 150, 100. வேறொன்றும் இல்லை. பள்ளியில் சிவப்பு மை தப்புக்கு. அம்மா என்ன தப்புச் செய்தாள்?

சாயங்காலம் எண்களின் மேல் விரலை ஓட்டி, நர்ஸம்மா சொன்னதை அப்படியே படித்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"இத்தினூண்டு எடத்துல அவ்ளோவா எழுதிக்கீது?"

"பொடி எழுத்துப்பா."

மறுநாளிலிருந்து அம்மா வேலைக்குப் போகவில்லை. அடுத்த மாதமே வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான், பூனைக்குட்டி அளவில். வீட்டில் இருந்திருந்தால் இருவருமே பிழைத்திருக்க மாட்டார்கள் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். பொடி எழுத்தைக்கூட மகள் படிக்கிறாள் என்று அப்பா தெருவெல்லாம் சொன்னார். நானோ, இல்லாததைப் படித்துவிட்டேன் என்று நர்ஸம்மாவிடம் அழுதேன்.

"நீ சரியாத்தான் படிச்ச," என்று சொல்லிவிட்டுத் தம்பியை எடை போடப் போய்விட்டார்.

அட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். திருப்பியும் பார்த்தேன். நூற்றைம்பது, நூறு. அவ்வளவுதான் இருந்தது. நான் படித்தது அத்தனையும் அதற்குள்ளேயே இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.