இரண்டாவது கம்பம்

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் டாக்ஸி டிரைவர் செல்வக்குமாரிடம் லைசென்ஸைக் கேட்டுப் பாருங்கள். அவர் கையில் இருக்காது. ஏன் இல்லை என்பதுதான் இந்தச் சம்பவம். நடந்தது அர்த்தராத்திரியில் இல்லை, பட்டப்பகலில்.

திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம், நான்குவழிச் சாலையில், பத்து கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக் கம்பங்கள். முதல் கம்பம் வண்டி நுழைந்த நேரத்தைக் குறிக்கும். இரண்டாவது, தாண்டிய நேரத்தை. ஏழரை நிமிடத்துக்குள் தாண்டினால் அதிவேகம், அபராதம். ஏழரை என்றாலே யாருக்குத்தான் நல்லது நடந்திருக்கிறது? நம் ஆட்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். விரட்டி வருவது, நடுவழியில் உள்ள புளியமரத்தடியில் நின்று மிச்ச நேரத்தைக் கழிப்பது. அதற்கு மெதுவாகவே வரலாமே என்று கேட்காதீர்கள். கால் கேட்காது.

செல்வக்குமார் ஏற்கெனவே இரண்டு முறை மாட்டியவர். இன்னொரு அபராதம் விழுந்தால் லைசென்ஸை முடக்குவோம் என்று எச்சரித்திருந்தார்கள். ஸ்டியரிங்கைத் தவிர வேறு தொழில் தெரியாத மனிதர்.

அன்று வெள்ளிக்கிழமை. சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். 12.09-க்கு முதல் கம்பம். 12.12-க்குப் புளியமரம். ஓரங்கட்டி இறங்கினார்.

மரத்தடியில் ஒரு பைக். பக்கத்தில் ஒருவன். அந்த வெக்கையிலும் சிவப்பு ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதன் இடப்பக்கம் நீளமாக ஒரு விரிசல். பைக் சீட்டின் மேல் புளிய இலைகள் விரல் கனத்துக்குக் கிடந்தன. ரொம்ப நேரமாக நிற்கிறான் போல என்று நினைத்துக்கொண்டார்.

"நேரம் ஆயிருச்சாண்ணே?"

செல்வக்குமார் மணி பார்த்தார். 12.15.

"ஆயிருச்சு மாப்ள. வா, போவோம்."

பேச்சுவாக்கில் எல்லோரும் சொல்வதுதான். காரைக் கிளப்பிக் கண்ணாடியில் பார்த்தார். மரம் மட்டும் நின்றது. பைக்கும் இல்லை... ஆளும் இல்லை.

12.16.

டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் கார் எழுப்பும் சத்தம். சீட் காலி. ஒரு பைகூட இல்லை.

கையை வைத்துப் பார்த்தார். மெத்தை அமுங்கியிருந்தது.

டிங்... டிங்... டிங்...

நிறுத்தப் பயம். ஓட்டவும் பயம்.

இடது கை சில்லிட்டது...

12.19. இரண்டாவது கம்பம்.

சத்தம் நின்றது.

மெத்தை மெல்ல மேலெழும்பியது.

மூன்றாம் நாள் செல்போனில் அபராதம் வந்தது. வேகத்துக்கு இல்லை. 'முன்னிருக்கைப் பயணி சீட் பெல்ட் அணியவில்லை.'

போக்குவரத்துப் போலீசிடம் ஓடினார்.

"சத்தியமா வண்டியில நான் மட்டுந்தான் சார். லைசென்ஸ் போச்சுன்னா எம்பொழப்பே போச்சு."

எஸ்.ஐ. கண்ணுச்சாமி இரண்டு படங்களையும் பெரிதாக்கினார். முதல் கம்பத்தில் செல்வக்குமார் மட்டும். இரண்டாவதில், அவருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஹெல்மெட். இடப்பக்கம் விரிசல்.

எஸ்.ஐ. அந்த விரிசல்மேல் விரலை வைத்தார்.

"போன ஆடியில ஒரு பய மொதக் கம்பத்தத் தாண்டுனான். ரெண்டாவதத் தாண்டவே இல்ல. நேரங்கழிக்க அந்த மரத்தடியில நின்னவன லாரி அடிச்சிருச்சு. இந்த ஹெல்மெட்ட நாந்தான்யா ரோட்டுல இருந்து எடுத்தேன்."

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"அதுக்கப்புறம் அம்புட்டுப் பேரு அங்கன நின்னுட்டுப் போறாய்ங்க. ஒங்கூட மட்டும் எப்புடிய்யா ஏறி வந்தான்?"

செல்வக்குமார் சட்டைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நாந்தான் சார் கூப்பிட்டேன்."