ஓசிக் குரல்

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஆள் கண்ணில் படாமல் யாராவது கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்கக்கூடாது. மூணு தடவை கூப்பிடட்டும் என்று பொறுக்க வேண்டும். மனுசன் மூணாவதும் கூப்பிடுவான். மற்றது ரெண்டோடு நிறுத்திக்கொள்ளும். முந்திக்கொண்டு பதில் சொன்னால் சொன்னவரிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போகும்.

அப்பா பதில் சொல்லிவிட்டார். ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் வேலை அவருக்கு. வேலை விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். வாசலில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரே தடவை. சோற்றை மென்றுகொண்டே "யாரு?" என்றார். அம்மா போய்ப் பார்த்தாள். தெருவில் ஆள் இல்லை.

அதற்கப்புறம்தான் தொண்டை கட்டியது. பொறவு மதுரை ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது கழுத்தில் வெள்ளைத் துணி இருந்தது. குரல் இல்லை.

மில்காரர்களுக்குக் குரல் பெரிசு. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள். அப்பா தெருமுனையில் சைக்கிளைத் திருப்பும்போதே "ஏட்டி பூச்சி" என்று சத்தம் கொடுப்பார். பூச்சி நான்தான். அந்தக் குரல் போய்விட்டது.

குரல்வளையை அறுத்து எடுத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. மூணாவது படிக்கிற பிள்ளையிடம் யார் சொல்வார்கள். அம்மா சித்தியிடம் சொன்னதுதான் காதில் விழுந்தது.

"அன்னைக்கு ஒத்தக் கூப்பாட்டுக்கு வாயத் தொறந்தாரு. அதோட போச்சு."

பெரிய மாமா, அம்மாவுக்கு அண்ணன், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பைத் திறந்தார். அதில் வானத்தைக் காட்டுகிற புரோகிராம் ஒன்று, பூகோளம் ஒன்று, கணக்குப் படம் போடுகிற ஒன்று என்று ஏற்கெனவே கிடந்தன. எல்லாம் ஓசி. மாமா இன்னொன்றை ஏற்றினார். எழுதினால் அது வாசிக்கும். கண் தெரியாத பிள்ளைகள் படிக்கவென்று செய்தது என்றார்.

"எம்புட்டுண்ணே இது?" என்றாள் அம்மா.

"காசெல்லாம் கிடையாது. யார் யாரோ சேர்ந்து எழுதி, எடுத்துக்கோங்கன்னு ஊருக்கு விட்டிருக்காக."

"சும்மா எவன் குடுப்பான்?"

"குடுக்கான் ஏட்டி. நீ வேற."

"அப்ப உள்ள இருந்து பேசுதது யாரு?"

"யாரும் இல்ல. மெஷினு."

"ஆளில்லாம எப்படிண்ணே குரல் வரும்?"

மாமா டீ இருக்கிறதா என்று கேட்டார்.

பிறகு ஏதோ தட்டினார். அது பேசியது. ஆம்பிளைக் குரல் மாதிரி இருந்தது. ஆனால் மூச்சு விடவில்லை. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்துவைக்கிற மாதிரி பேசியது. பேசி முடிக்கவும் இல்லை, அறுந்து நின்றது.

எனக்குப் புரிந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போனது திரும்ப வந்திருக்கிறது. அப்பா குரலை வைத்துக்கொண்டு, பேசத் தெரியாமல் பேசுகிறது.

அம்மா மில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அக்கா டியூசன் முடித்து இருட்டித்தான் வருவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் அப்பாவும் அதுவும்தான். முதல் நாள் படியில் கால் வைத்ததும் உள்ளே இருந்து கேட்டது.

"ஏட்டி. பூச்சி."

அப்பாவின் சொல். அப்பாவின் குரல் இல்லை. ரெண்டாவதுக்கு நின்று பார்த்தேன். வரவில்லை. பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

தினமும் அப்படித்தான். ஒரு தடவை கூப்பிடும், பிறகு சும்மா இருக்கும். ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். அப்பா அதன் முன்னால் குனிந்திருப்பார். அதன் வெளிச்சம் அவர் முகத்தில் நீலமாகக் கிடக்கும். அவரைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறது என்றுதான் தெரிந்தது.

அக்காவிடம் சொன்னேன். "ஏட்டி லூசு, அது அப்பாதான்" என்றாள். எப்படி அப்பாவாகும். அப்பாவின் வாய் அசையவே இல்லை. அக்கா போய் மூணு தடவை விசயத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா சிரித்தார். சத்தம் வரவில்லை. கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது.

மறுநாள் படியேறும்போது கேட்டது.

"ஏட்டி. பூச்சி. ஏட்டி. பூச்சி. ஏட்டி. பூச்சி."

மூணும் ஒரே அளவு. மனுசன் மூணு தடவை கூப்பிட்டால் மூணும் வேறவேற மாதிரி இருக்கும். கடைசிக்குக் கோபம் வந்துவிடும். இதற்குக் கோபம் வரவில்லை. நம் வழக்கத்தைத் தெரிந்துகொண்டுவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்கு இன்னும் தூரமாக ஓடினேன்.

மறுபடி மதுரைக்குப் போக ஒரு காலையில் வேன் வந்தது. அம்மா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"அப்பாட்ட ஒரு வார்த்த பேசுடி. போனா எப்ப வருவாரோ."

அப்பா வேனுக்குள் இருந்தார். மடியில் அது. என்னைப் பார்த்தார், குனிந்து ஒற்றை விரலால் தட்டினார். வெகுநேரம் தட்டினார்.

"போதும் மாப்ள, சார்ஜு போயிரும்" என்றார் மாமா.

ஒரு தடவை கூப்பிட்டது. நான் அப்பாவின் கழுத்துத் துணியைப் பார்த்தேன். ரெண்டாவது கூப்பிட்டது. என் குரலை எடுத்துக்கொண்டு அவருடையதைக் கொடுத்துவிடட்டும் என்று தோன்றியது.

"என்னப்பா" என்றேன்.

அது நின்றுவிட்டது. மூணாவது வரவில்லை. அப்பா மூடியைச் சாத்தினார். வேன் கிளம்பியது.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கூப்பிட்டபோது கையை மட்டும் தூக்கினேன். சாயங்காலம் காலில் கருவேலமுள் ஏறி "அம்மா" என்று கத்திவிட்டேன். குரல் இருந்தது. என்னுடையதை அது எடுக்கவில்லை. அப்படியென்றால் அவருடையதும் வராது. அப்போதுதான் அழுதேன். முள்ளுக்கென்று நினைத்து அக்கா எண்ணெய் தடவினாள்.

அப்பா வரவில்லை. லேப்டாப் வந்தது.

இப்போது நானும் மில்லில்தான் இருக்கிறேன். போனில் ஒற்றை விரலால் தேடித்தேடித்தான் தமிழ் எழுதுகிறேன். "ஏட்டி பூச்சி" என்று எழுதச் செத்த நேரம் ஆகிறது. மூணு தடவை எழுத அதைவிட ஆகும்.

அன்றைக்கும் மூணு தடவை எழுதித்தான் வைத்திருந்தாராம். அக்கா அப்புறம் சொன்னாள். நான் பேசியதும் அவர்தான் நிறுத்தியிருக்கிறார்.

வேண்டியது கிடைத்துவிட்டது, அதனால்தான் அது நிறுத்திக்கொண்டது என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்தது சரிதான். கிடைத்தது யாருக்கு என்றுதான் அப்போது தெரியவில்லை.